இன்ஷிராஹ் மேடத்தின் கடவுச்சொல்

இன்ஷிராஹ் என்றால் மனசு விரிந்து நெஞ்சு லேசாவது என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்த தகப்பனார் இன்று உயிரோடு இருந்து மகளைப் பார்த்திருந்தால், பதிவு அலுவலகத்துக்குப் போய் மாற்றிவிட்டுத்தான் வேறு வேலை பார்த்திருப்பார். அலெக்சாந்திரியாவில், மன்ஷியா சதுக்கத்துக்குப் பின்னால் துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் இருந்த அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்தில், கம்ப்யூட்டர் அறையின் சாவி அவளிடம்தான் இருந்தது. கழுத்துச் சங்கிலியில் கோத்து உடுப்புக்குள் போட்டிருப்பாள். அறையைப் பூட்டிவிட்டுப் போகும்போது கதவிடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைப்பாள். திரும்பி வரும்போது குச்சி கீழே கிடந்தால் போச்சு, அன்றைக்கு அங்கே ஒருத்தருக்கும் நிம்மதி கிடையாது.

அலுவலகத்தில் டீ போடுகிறவர் அம் ஷெஹாதா என்ற கிழவர். யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பதை யாரையும் கேட்காமல் போடுவார். இன்ஷிராஹ் மட்டும் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவாள். அலுவலக டீயில் யார் எதைக் கலப்பார்களோ, யார் கண்டது!

பிறக்கும்போதே இப்படிப் பிறந்துவிடவில்லை. ஊரின் கர்மூஸ் பேட்டையில் கல்யாணமாகிக் குடித்தனம் நடத்தியபோது, யார் எதைச் சொன்னாலும் அப்படியா என்று வாய் பிளந்து கேட்டவள்தான். புருஷன் லிபியாவுக்கு வேலைக்குப் போனான். அடுத்த பெருநாளுக்கு வந்துவிடுவேன் என்று எழுதினான். அதற்கடுத்த பெருநாளுக்கும் அதையே எழுதினான். அவனுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருப்பது இவள் தெருவில் ரொட்டி விற்கிறவன் வரைக்கும் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. செய்தி சுட்டதைவிட, தெரிந்துவைத்துக்கொண்டே இத்தனை காலம் தன்னைப் பார்த்துச் சிரித்துப் பேசின முகங்கள்தான் அதிகம் சுட்டன. அன்றைக்கு மூடிய மனசு. அதன் சாவியை அவள் எங்கே வைத்தாளோ, அவளுக்கே தெரியாது.

கம்ப்யூட்டரை மட்டும் நம்பினாள். அது முகத்துக்கு நேரே ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று பேசாது என்பாள். அலுவலகத்துக்கு, எல்லா மேசைக்கும் பொதுவான யூனிக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி வந்த புதிதில் எல்லாருக்கும் வகுப்பு எடுத்தவளும் அவள்தான். "முதல்ல பிஸ்மில்லாஹ் சொல்லுங்க, அப்புறம் கைய வைங்க" என்றுதான் ஆரம்பித்தாள். அந்தப் பெட்டிக்கு அரபி எழுத்து தெரியாது. ஆகவே, இறைவன் பெயரால் என்று அர்த்தமுள்ள பிஸ்மில்லாஹ் என்பதைக் கரும்பலகையில் ஒன்பது ஆங்கில எழுத்தில் எழுதிப்போட்டு, அதையே முதல் பயிற்சியாக அத்தனை பேரையும் அடிக்கவைத்தாள். பெட்டியைத் தொட்டாலே வெடிக்கும் என்று பயந்து நின்றவர்களுக்கு அதில் ஒரு தைரியம் வந்தது. அப்புறம் கடவுச்சொல்லுக்கு ஒரு சட்டம் போட்டாள்: பன்னிரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, பெற்ற தாயிடமும் சொல்லக் கூடாது.

பதினோரு வருஷம் கழித்து, ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை, அந்தப் பெட்டியின் யூனிக்ஸை மாற்றிப் புதிய பதிப்பு ஏற்ற கெய்ரோவிலிருந்து தாமிர் என்ற பொடியன் வந்தான். சட்டைப் பையில் நாலு பேனா. அவன் வேலை பார்த்த நேரம் முழுக்க இன்ஷிராஹ் அவன் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள். பாவம், அவன் மூக்கைச் சொறியக்கூட யோசித்தான்.

"மேடம், பழைய பாஸ்வேர்டு வரிகளை அப்படியே தூக்கி இங்க வைக்கலாம், வேலை செய்யும்" என்றான் கிளம்பும் முன். "ஆனா நாளைக்கே எல்லாரையும் புதுசா ஒண்ணு போடச் சொல்லிடுங்க. பழசு பழைய மாதிரியேதான் இருக்கும், முதல் எட்டு எழுத்தோட சரி. அதனால..."

"எதுக்கு எல்லாரும் மாத்தணும்?"

"பாதுகாப்புக்குத்தான் மேடம்."

"யாரோட பாதுகாப்புக்கு?"

தாமிர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இன்ஷிராஹுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஓஹோ! இவன் ஏற்றிய பெட்டி, இவன் போன மறுநாள், எல்லாரும் வரிசையாக வந்து புது ரகசியத்தை அதன் காதில் ஓத வேண்டுமாம். உள்ளே இவன் எந்தக் காதை ஒளித்து வைத்திருக்கிறானோ! அவன் டிராம் ஏறுகிறவரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, பழைய வரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புதிய பெட்டியில் வைத்தாள். ஒருத்தர் கோப்பு இன்னொருத்தர் பெயருக்குப் போய்விடாமல் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தாள். வேலையில் கெட்டிக்காரி, அதில் குறை சொல்ல முடியாது. கடைசியில் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினாள்: புதிய கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்காதீர்கள், வேண்டாத பழைய கோப்புகளைச் சனிக்கிழமையே அழித்துவிடுங்கள்.

சனிக்கிழமை விடியும்போதே நவ்வா என்கிற குளிர்காலப் புயல் பிடித்துக்கொண்டது. கடல் கார்னிஷ் சாலைக்கு ஏறி வந்துவிட்டது. அலுவலகக் கூரை ஒழுகிற்று. ஆனாலும் எல்லாரும் நனைந்துகொண்டு வந்து அவரவர் பழைய கடவுச்சொல்லை அடித்தார்கள், பெட்டி அவரவரை உள்ளே விட்டது. மாறினதே ஒருத்தருக்கும் தெரியவில்லை. இன்ஷிராஹ் பிளாஸ்கைத் திறந்து, தனக்குத்தானே ஒரு டீ ஊற்றிக் கொண்டாடினாள்.

பாதி டீயில் பஹ்கத் வந்து நின்றான். சரக்குப் பிரிவில் இருக்கும் ஒல்லிப் பையன். ஒப்பந்த வேலை. இந்த மாதம் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. அவன் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் தாயும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள்.

"மேடம், என் ஃபைல் ஒண்ணுகூட இல்ல. மொத்தமும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

அவள் பதறவில்லை. வியாழக்கிழமை எடுத்த டேப் இருந்தது. அதிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி ஏற்றிக் கொடுத்தாள். ஏற்றும்போதே சந்தேகம் தலையைத் தூக்கிவிட்டது. முந்தாநாள்தான் மேலாளர் மம்தூஹ், மரம் ஏற்றி வந்த ஒரு கப்பலின் சரக்கு எடையைத் தப்பாக ஏற்றியதற்காக இவனை நடு ஹாலில் வைத்துக் கிழித்து எடுத்தார். இன்றைக்கு அந்தக் கணக்கே காணோம். நல்லா இருக்கே கதை!

பெட்டியைக் கேட்டாள். பெட்டி மறைக்காமல் சொன்னது. காலையில் தட்டச்சுப் பிரிவு சுரய்யாவின் மேசையிலிருந்து பஹ்கத் பெயரில் ஆள் நுழைந்திருக்கிறது. கடவுச்சொல் சரி. நுழைந்ததும் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி ஒரே ஒரு கட்டளை.

"சுரய்யா மேசையில உட்கார்ந்தியா?"

"உட்கார்ந்தேன் மேடம். என் கீபோர்டு முழுக்க மழைத்தண்ணி. அங்க போய் என் பேரை அடிச்சேன், அதுக்குள்ள சுங்க ஆபீசர் வந்துட்டார்னு கீழேருந்து கூப்பிட்டாங்க. எழுந்து ஓடிட்டேன். பாஸ்வேர்டு அடிக்கவே இல்ல, எங்கம்மா மேல சத்தியம்."

"நீ அடிக்காமலே அது திறந்துடுச்சாக்கும்?"

"எப்படித் திறந்துச்சுன்னு எனக்குத் தெரியல மேடம்."

"எனக்குத் தெரியுது" என்றாள் இன்ஷிராஹ்.

மம்தூஹ் அறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார். "இதோ பாரும்மா. உள்ளே போக ரெண்டே பேரால முடியும். அவன் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். உனக்கு ரூட் பாஸ்வேர்டு இருக்கு, நீ எல்லா வீட்டுக்குள்ளயும் போவ. ஒண்ணு அவன், இல்லேன்னா நீ. வேற யாரு?"

"நான் ஏன் உஸ்தாத் அழிக்கப்போறேன்?"

"நானும் அதைத்தான் சொல்றேன். அப்ப அவன்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. இன்னியோட அவனை அனுப்பிடறேன்."

அவள் வெளியே வந்தபோது பஹ்கத் தாழ்வாரத்தில் நின்றிருந்தான். உள்ளே பேசியது கேட்டிருக்க வேண்டும். பேயறைந்த மாதிரி இருந்தது முகம்.

"மேடம், என்னை நம்பாதீங்க, பரவாயில்ல. ஆனா அந்தப் பெட்டியை மட்டும் இப்படி நம்பாதீங்க. அது தப்பா சொல்லுது."

"பெட்டி பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் காகிதத்தை எடுத்துவைத்தாள். 'பஹ்கத்' என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அவன் தாயின் பெயரை இழுத்துச் சத்தியம் செய்தது உள்ளே எங்கோ குத்திக்கொண்டே இருந்தது. சத்தியம் செய்கிறவர்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவள் கொள்கை. அப்படியும் குத்தியது.

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். தட்டச்சுப் பிரிவு சுரய்யாதான். ஓய்வு பெறப்போகிற வயசு, உருண்டை உடம்பு, ஹாலுக்கே கேட்கிற குரல்.

"அடியே இன்ஷிராஹ், உன் புதுப் பெட்டிக்குள்ள ஜின் புகுந்திருக்கு!"

"என்ன இப்ப?"

"காலைல நீ சொன்னபடி என் பழைய ஃபைலை எல்லாம் அழிச்சேனா? ஒண்ணு விடாம அழிச்சேன். இப்ப திரும்பவும் உள்ள போய்ப் பாக்கறேன், எல்லாம் உயிரோட உட்கார்ந்திருக்கு! செத்தது திரும்பி வருமா? நீயே சொல்லு."

கேலி செய்கிறாளா? இன்ஷிராஹ் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். சுரய்யாவின் முகத்தில் உண்மையான கலவரம் இருந்தது. ஒருத்திக்கு அழித்தது போகவில்லை, ஒருத்தனுக்கு அழிக்காதது போய்விட்டது. இரண்டும் ஒரே மேசை.

"காலைல உட்கார்ந்தப்ப முதல்ல என்ன பண்ணின? ஒண்ணு விடாம சொல்லு."

"என்ன பண்ணினேன்? நனைஞ்சுக்கிட்டு வந்தேன். கண்ணாடி முழுக்கத் தண்ணி. பெட்டி பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நின்னுச்சு, போட்டேன். திறந்துச்சு. நீ சொல்லிக் கொடுத்த கட்டளையை மேசையில ஒட்டி வச்சிருக்கேன்ல, எல்லாத்தையும் அழிக்கறது, அதைப் பாத்து அடிச்சேன்."

"உன் பேரை அடிச்சியா?"

சுரய்யா யோசித்தாள். "பேரு... அடிக்கலையோ? அதுதான் பாஸ்வேர்டுக்கே வந்து நின்னுச்சே."

பஹ்கத் பெயரை அடித்துவிட்டு எழுந்து ஓடியிருக்கிறான். அந்த வாசலில் இவள் போய்த் தன் சாவியைப் போட்டிருக்கிறாள். சரி, ஆனால் இவள் சாவிக்கு அந்தப் பூட்டு எப்படித் திறந்தது? இன்ஷிராஹின் சந்தேகம் ஒரே தாவலாக இந்தப் பக்கம் தாவியது.

"அவன் பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னானா? இல்ல, எட்டிப் பாத்தியா?"

"அடிப்பாவி! என் பாஸ்வேர்டே எனக்குப் பாதி நாள் மறந்துபோகுது, நான் ஊரான் வீட்டுதை மனப்பாடம் பண்ணிக்கிட்டுத் திரியறேனா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

இன்ஷிராஹ் சுரய்யாவின் கையைப் பிடித்து அவள் மேசைக்கே இழுத்துப் போனாள். பஹ்கத்தையும் கூப்பிட்டாள். பெயர் கேட்ட இடத்தில் பஹ்கத்தின் பெயரைத் தானே அடித்தாள். "இப்ப உன் பாஸ்வேர்டைப் போடு. உன்னோடதை. நான் கையைப் பாக்க மாட்டேன்."

கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். சுரய்யா விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினாள், கூடவே உதடும் அசைந்தது. பிஸ்... மில்... லாஹ்... அதற்கப்புறமும் என்னவோ முணுமுணுத்துக் குத்திக்கொண்டே போனாள். பெட்டி திறந்தது. பஹ்கத்தின் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன.

"யா ரப்பே!" என்றான் பஹ்கத். "சுரய்யா அப்லா, சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலியே! என்னோடது உங்களுக்கு எப்படி..."

"உன்னோடது எது? இது என்னோடதுடா!"

"பஹ்கத்" என்றாள் இன்ஷிராஹ். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "உன் பாஸ்வேர்டு எப்படி ஆரம்பிக்குது? முழுசா வேணாம். ஆரம்பம் மட்டும்."

அவன் தயங்கினான். "பிஸ்மில்லாஹ்னுதான் மேடம். வேற எப்படி ஆரம்பிக்கறது? வேலைக்குச் சேர்ந்தப்ப சுரய்யா அப்லாதான் சொல்லிக் கொடுத்தாங்க, முதல்ல அதைச் சொல்லிட்டு அடின்னு. நீங்க அவங்களுக்கு அப்படித்தான் கத்துக் கொடுத்தீங்களாம்."

முதல் எட்டு எழுத்தோட சரி. அந்தக் கெய்ரோப் பையன் தலையைத் தலையை ஆட்டிச் சொன்னது இப்போதுதான் அவள் காதில் முழுசாக விழுந்தது. பழைய யூனிக்ஸ் முதல் எட்டு எழுத்தைத்தான் பார்க்கும். அதற்கப்புறம் பேரன் பெயரை அடித்தாலும் சரி, கல்யாணத் தேதியை அடித்தாலும் சரி, திரும்பிக்கூடப் பார்க்காது. பிஸ்மில்லாஹ்வுக்கு ஒன்பது எழுத்து; அவளிடம் படித்தவர்கள் எல்லாரும் அதில்தான் ஆரம்பித்திருப்பார்கள். ஆக, இந்த அலுவலகத்தில் கடவுச்சொல் என்று ஒன்றுதான் இருந்தது, அதுவும் நிஜமாகவே கடவுள் சொல்! பழைய வரிகளை அப்படியே சுமந்து வந்து புதிய பெட்டியிலும் அதையே வைத்தவள் அவள். மாற்றச் சொன்னவனை டிராம் ஏற்றிவிட்டு, ஜன்னலில் நின்று வேவு பார்த்தவளும் அவள்தான்.

மம்தூஹிடம் போய் நின்றபோது அவர் கையை நீட்டினார். "எழுதிட்டியா?"

"அவன் இல்ல உஸ்தாத்."

நடந்ததைச் சொன்னாள். முதலில் அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்ஷிராஹ். என்னோடதும்...?"

"அப்படித்தான் ஆரம்பிக்குமா?"

"பின்ன எப்படி ஆரம்பிக்கறது? ஷைத்தான் பேரைச் சொல்லியா?" நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இத்தனை வருஷமா அந்த சுரய்யா நினைச்சிருந்தா என் கடிதத்தை எல்லாம் படிச்சிருக்கலாம்?"

"படிச்சிருக்கலாம். படிக்கல."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "தலைமை அலுவலகத்துக்கு நான் ஏதாவது சொல்லியாகணும். யார் பேரை எழுதறது?" என்றார்.

கையிலிருந்த காகிதத்தில் எழுதியிருந்த ஒரே பெயரை அவள் அடித்துவிட்டு, கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து பஹ்கத்திடம், "போய் அந்த மரக்கப்பல் எடையைத் திருத்து. திரும்பவும் தப்பு விட்டேன்னா நானே உன்னைப் பிடிச்சுக் கொடுப்பேன்" என்றாள். அவன் அழுதுவிட்டான். ஹாலில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "இன்னிக்கே எல்லாரும் புதுசா மாத்துங்க. புது மெஷின் முழுசா படிக்கும். பிஸ்மில்லாஹ்வை வாயால சொல்லுங்க, கையால அடிக்காதீங்க."

"அதை நீ பதினோரு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் சுரய்யா. எல்லாரும் சிரித்தார்கள்.

இன்ஷிராஹ் அறைக்குள் போனாள். யாருக்கும் சொல்லாத ஒன்று பாக்கி இருந்தது. ரூட். எல்லா வீட்டுக்கும் போகிற பெரிய சாவி; அதன் வரியும் பழைய பெட்டியிலிருந்து வந்ததுதான். அதன் கடவுச்சொல்லை மாதம் தவறாமல் மாற்றுவாள், அடிக்கும்போது இடது கையால் வலது கையை மறைத்துக்கொள்வாள். புருஷன் லிபியாவுக்குக் கிளம்பிய தேதி தலைகீழாக, தெரு எண், தாயின் பெயரில் பாதி என்று ஒவ்வொரு மாதமும் ஒரு வால். வாலைத்தான் மாற்றினாள். தலையை ஒருநாளும் தொட்டதில்லை.

ரூட் என்று அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. பிஸ்மில்லாஹ் என்ற ஒன்பது எழுத்தை மட்டும் அடித்து நிறுத்தினாள்.

வேலி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட, ரூட்டுக்கு மட்டுமே வருகிற அந்தக் குறி திரையில் வந்து நின்றது. உள்ளே விட்டுவிட்டது.

பதினோரு வருஷம். தீக்குச்சி, சங்கிலி, பிளாஸ்க். இந்த ஹாலில் இருந்த யார் வேண்டுமானாலும், அவளே கற்றுக் கொடுத்த முதல் சொல்லை இங்கே அடித்திருந்தால் அத்தனையும் அவர்கள் கையில். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட அடித்துப் பார்க்கவில்லை. அவரவர் தன் பெயரை அடித்து, தன் கோப்பைத் திறந்து, தன் வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். யாரைப் பார்த்து இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னால் அழுகை வந்தது, அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள். அம் ஷெஹாதா தட்டோடு தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"அம் ஷெஹாதா, எனக்கும் ஒரு டீ."

கிழவர் நின்றார். திரும்பி அவளையும், அவள் மேசையில் இருந்த பிளாஸ்கையும் பார்த்தார். எத்தனையோ வருஷமாக அவருக்குத் தெரியாமலே இருந்த ஒரே விஷயத்தைக் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை சர்க்கரை மேடம்?"